மூன்று சகோதரிகளின் அந்த நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அந்த நாவலை எடுத்த நாளிலிருந்து ஒரே சந்தேகங்களை ஆளாளுக்கு வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் கேட்பது ஒரு விதம், களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருக்கும் தமிழ் வாசகர்கள் கேட்பது இன்னொரு விதம். தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் விட்டுவிட்டேன். அவருக்கு இது முதல் நாவல், அவர் பெயரைத் தேடுகிறவர்களுக்கு என் குறைகள்தான் முதலில் கண்ணில் படவேண்டும் என்று நான் விரும்பவில்லை.

நான் இன்னும் வாசிக்கல. கதை என்னன்னு சுருக்கமா சொல்ல முடியுமா?

தோவாளைப் பக்கம் ஒரு கிராமம், அங்கே ஒரு பழைய நாஞ்சில் வேளாளர் வீடு. அம்மை இறந்து பதினாறு முடிந்ததும் மூன்று மகள்களும் வீட்டை விற்க ஒன்றுகூடுகிறார்கள். மூத்தவள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறாள். நடுவுள்ளவள் ஒரு மலையாளியைக் கல்யாணம் செய்துகொண்டு திருவனந்தபுரத்தில். இளையவள் சென்னையில். மூவருக்குமே நாற்பத்தைந்து வயதுக்கு மேல்.

மச்சில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், அப்புறம் கடிதங்கள். அம்மையின் தாய்மாமன், அதாவது அந்தக் குடும்பத்தை நிர்வகித்த மூத்த ஆணான காரணவர், நெய்யாற்றின்கரையில் இன்னொரு மனைவியும் பிள்ளைகளுமாக இருந்திருக்கிறார் என்று அவற்றிலிருந்து தெரியவருகிறது. அதற்கப்புறம் முந்நூறு பக்கத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தைத் தேடுவதுதான் கதை. கடைசியில் சந்திக்கிறார்கள், அழுகிறார்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஒரே வரியில சொல்லுங்க அக்கா, ஏன் பிடிக்கல?

மூன்று அக்கா தங்கைகளைப் பற்றி என்று ஆரம்பித்துவிட்டு ஒரு கிழவரைப் பற்றி எழுதிவிட்டார்.

கொஞ்சம் விரித்துச் சொன்னால் இப்படி. பெட்டி திறந்த பிறகு அந்த மூன்று பெண்களுக்கும் சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. ஒருத்தி கடிதத்தை வாசிக்கிறாள், ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். அவர்களுக்குள் நாற்பது வருடமாக இருக்கும் கணக்கு, பொறாமை, பாசம், யார் அம்மையைப் பார்த்துக்கொண்டது, யார் பணம் மட்டும் அனுப்பியது, எதுவும் அதற்கப்புறம் எழுந்து வருவதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது என்னவென்றால், நாவல் எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறதோ அந்த மாதிரி வீடுகளில் குடும்பச் சரித்திரம் என்பதே சகோதரிகள் வழியாக ஓடிய சரித்திரம். கையிலேயே இருந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டார்.

இந்த மருமக்கவழின்னா என்ன? நாவல்ல பத்து இடத்துல வருது, ஒரு இடத்துலகூட விளக்கம் இல்ல.

சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாமல், மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை. ஒரு பெண், அவளுடைய பிள்ளைகள், அவளுடைய மகள்களின் பிள்ளைகள், இவர்கள்தான் குடும்பம். வீட்டின் மூத்த ஆண் காரணவர். நிலத்தையும் நெல்லையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் பெற்ற பிள்ளைகள் அவருடைய வீட்டு ஆட்கள் கிடையாது, அவர்கள் தங்கள் அம்மையின் வீட்டைச் சேர்ந்தவர்கள். திருவிதாங்கூரில் நாயர் குடும்பங்களில் இது பரவலாக இருந்தது, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்களில் தமிழ் பேசும் வேளாளர்களில் ஒரு பிரிவினரிடமும் இருந்தது. அங்கே கணவன் இறந்தால் மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு கொடுக்கும் வழக்கமும் உண்டு.

இதைச் சட்டம் வந்து மாற்றியது. நாயர் ரெகுலேஷன், அதாவது நாயர்களுக்கான சட்டம், திருவிதாங்கூரில் அப்போது வழங்கிய கொல்லம் ஆண்டு 1100இல், இங்கிலீஷ் கணக்கில் 1925இல். நாஞ்சில்நாட்டு வேளாளர் ரெகுலேஷன் கொல்லம் 1101இல், 1926இல். அதற்கப்புறம் குடும்பத்தைப் பாகம் பிரிக்கவும், ஒரு ஆணின் சொத்தில் மனைவி மக்கள் உரிமை கேட்கவும் சட்டப்படியே வழி வந்தது. இந்த 1926ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

நாங்களும் இதே மாவட்டந்தான். எங்க வீட்ல இப்படி ஒண்ணும் கேள்விப்பட்டதே இல்ல. அப்போ நாவல் கட்டுக்கதையா?

இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலான சமூகங்களில் அப்பா வழிதான், மக்கள்வழி. வேளாளர்களிலேயே மக்கள்வழிக்காரர்கள் தனியாக உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் நாடார் குடும்பத்தில் பிறந்தவருக்கு மருமக்கவழி என்பது பக்கத்து வீட்டுச் செய்தியாக மட்டுமே தெரிந்திருக்கும். நாவல் ஒரு வகைக் குடும்பத்தை எடுத்தது சரிதான். ஊரே அப்படித்தான் என்பதுபோல எழுதியதுதான் சரியில்லை.

மூத்தவ ரொம்ப கடுமையான ஆளு. அவளைப் பிடிக்காததாலதான் இவ்வளவு கோபமோ?

நேர் எதிர். அவள்தான் அந்த நாவலில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள். அம்மையின் மருந்துச் சீட்டுகளை வருட வரிசையில் கட்டிவைத்திருக்கிறாள், தங்கைகள் வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் எடுத்து மேஜைமேல் வைக்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அவளைப் பிடித்தது. நம் வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு மூத்தவள் உண்டு, செய்ததைச் சொல்லவும் மாட்டாள், மறக்கவும் விடமாட்டாள்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அவளை ஆசிரியர் நல்லவளாக ஆக்கிவிட்டதற்குத்தான். ஐம்பதாம் பக்கத்துக்குப் பிறகு அவள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, தங்கைகளின் தலையைத் தடவிக்கொண்டு, யாரோ ஒரு பெரியம்மாவாகிவிடுகிறாள். ஏன் மாறினாள் என்பதற்கு ஒரு காட்சிகூடக் கிடையாது.

நல்லா இருக்குற பகுதியே இல்லையா அக்கா?

இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு ஏமாற்றம். பாத்திரம் பங்கு வைக்கும் அத்தியாயத்தைத் திரும்பவும் எடுத்து வாசியுங்கள். வடக்குப்புறத் திண்ணையில் மூத்தவளும் நடுவுள்ளவளும் உட்கார்ந்து வெண்கல உருளி, செம்பு, குத்துவிளக்கு, அண்டா எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூத்தவள் ஒன்றை எடுத்து நடுவுள்ளவளின் பக்கம் வைப்பாள், அவள் கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து மூத்தவளின் பக்கமே வைத்துவிடுவாள். விட்டுக்கொடுப்பதுபோலத் தெரியும், ஆனால் அது விட்டுக்கொடுப்பு இல்லை. அம்மை கடைசி வருடங்களில் கஞ்சி குடித்த சின்னக் கிண்ணத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவே மாட்டார்கள், தொட்டால் அது யார் பார்த்துக்கொண்டது என்ற பேச்சில் போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். இளையவள் உள்ளே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள், அவள் பங்கையும் இவர்கள்தான் வைக்கிறார்கள், அதுவே அவளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பன்னிரண்டு பக்கம் இருக்கும். பேச்சு மொத்தம் ஏழெட்டு வரிதான். இதை எழுதத் தெரிந்த ஒருவர்தான் அடுத்த அத்தியாயத்தில் மச்சுக்கு ஏறி அந்தப் பெட்டியை இறக்குகிறார். அந்தக் கிண்ணம் அதற்கப்புறம் கதையில் வருவதே இல்லை. யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கூட்டத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். நாவலில் பதில் கிடையாது.

சரித்திரம் நிறைய இருக்கே. தோள்சீலை, வெள்ளம், ஆலயப் பிரவேசம், 1954 எல்லாம் வருதே. அது நல்லதுதானே?

வருவது நல்லதுதான், எப்படி வருகிறது என்று பாருங்கள். பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859இல் வந்த பிரகடனம், கொல்லம் 1099இன் பெருவெள்ளம் அதாவது 1924 ஜூலை, எல்லாச் சாதியினருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடியவர்கள்மேல் 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர் - கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒவ்வொன்றும் நடக்கும்போது இந்தக் குடும்பத்தில் ஒருவர் சரியாக அந்த இடத்தில் நிற்கிறார். நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொருவரிடம் சொல்கிறார். அதோடு சரி.

வீட்டுக்குள் அது என்ன செய்தது என்பது வேண்டும். எல்லை மாறிய பிறகு பதிவு ஆபீசில் மொழி மாறியது, பள்ளிக்கூடத்தில் மாறியது, மேல் கோர்ட் சென்னை ஆனது. திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளை ஒரே ராத்திரியில் வெளி மாநிலக்காரர். பாறசாலையில் கட்டிக்கொடுத்த அக்காவும் குழித்துறையில் கட்டிக்கொடுத்த தங்கையும் இரண்டு மாநிலத்துப் பிரஜைகள். இதெல்லாம் சகோதரிகளுக்கு நடுவில் நேராக வந்து விழுகிற விஷயங்கள். நடுவுள்ளவள் திருவனந்தபுரத்தில் இருப்பதாக வைத்துவிட்டு இந்தக் கோட்டைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

ரயில் விஷயத்துல என்ன தப்பு? கூட்டத்துல பெரியவங்க எல்லாரும் ஒண்ணா தலையாட்டினாங்க, எனக்குப் புரியல.

காரணவர் 1940களில் நாகர்கோவிலில் ரயிலேறி நெய்யாற்றின்கரையில் இறங்குகிறார் என்று எழுதியிருக்கிறது. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை திறந்ததே 1979இல்தான். அதற்கு முன்னால் இந்த வழியில் ரயிலே கிடையாது. 1938இல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட ஆரம்பித்தது, அதற்கும் முன்னால் தனியார் பஸ்ஸும் வில்வண்டியும் மாட்டுவண்டியும். ஐம்பதைத் தாண்டிய எங்கள் ஊர்க்காரர் பலருக்கு அந்த முதல் ரயிலைப் பார்க்கப் போனது ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் அந்தத் தலையாட்டல்.

அதேபோல அறுவடையும். வருடத்துக்கு ஒரே அறுப்பு என்பதுபோல, அது பொங்கலுக்கு என்பதுபோல வருகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் நாஞ்சில் வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் உண்டு. அந்த இரண்டு அறுப்பின் நெல்லும் யார் கையால் அளக்கப்பட்டது என்பதில்தான் காரணவரின் அதிகாரமே இருந்தது.

ஆதாரத்துல கொல்லம் 1108ன்னு இருக்கு. அதை எப்படி இங்கிலீஷ் வருஷமா மாத்துறது?

கொல்லம் ஆண்டு சிங்ங மாதத்தில், அதாவது ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரை என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை என்றால் 825. நாவலில் வருவது 1108 மீனம், பங்குனி. 825 கூட்டினால் 1933 மார்ச் - ஏப்ரல். சரி பார்க்க வேண்டுமானால் மேலே சொன்ன வெள்ளத்தையே வைத்துப் பாருங்கள், 1099 கர்க்கடகம், 825 கூட்டினால் 1924.

நாவலில் இளையவள் அந்த 1108ஐப் பார்த்துவிட்டு "சட்டம் வருவதற்கு முன்னாலேயே" என்கிறாள். 1933 எப்படி 1926க்கு முன்னால் வரும்?

கதைதானே அக்கா. ஏழெட்டு வருஷம் முன்னே பின்னே இருந்தா என்ன குடிமுழுகிப் போகும்?

ரயில் தப்பை நான் மன்னித்துவிடுவேன். அதை பஸ் என்று மாற்றினால் கதை அப்படியே நிற்கும். இந்த வருடத் தப்பு அப்படி இல்லை. சுய சம்பாத்தியத்தை மனைவி மக்களுக்குக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்காததால் காரணவர் பயந்து, ஒளித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆதாரம் எழுதினார் என்பதுதான் மொத்த நாவலின் மர்மம். 1933இல் அவர் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் வந்து ஏழு வருடமாகிவிட்டது. ஊரில் வீட்டுக்கு வீடு பாகம் கேட்டு வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். மர்மம் போனால் முந்நூறு பக்கத் தேடலும் போய்விடுகிறது.

அவர் சட்டத்துக்குப் பயப்படாமல் சகோதரிக்குப் பயந்தார் என்று எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அவருடைய உரிமை, சாப்பாடு, படுக்கிற அறை எல்லாம் சகோதரியின் வீட்டில்தான். அவள் முகத்தைப் பார்த்து, உன் பிள்ளைகளுக்கு வரவேண்டியதை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்வது சாதாரணம் இல்லை. அந்தச் சகோதரிதான் இந்த மூன்று பெண்களின் பாட்டி. நாவலில் அவளுக்கு மொத்தமாக மூன்று பக்கம், அதிலும் பாதி சமையல்.

அந்தக் காலத்துல ரெண்டாவது குடும்பத்தை யாருக்கும் தெரியாம வச்சிருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை எண்பது வயதான ஒரு அம்மா கேட்டார், கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. காரணவர்கள் பல கல்யாணம் செய்துகொண்டது ஊரறிந்த விஷயம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் கதை சொல்கிறவளே ஒரு காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள். அது 1926இன் சட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டது, அந்த முறையை மாற்றவேண்டும் என்ற பேச்சுக்கு அது பெரிய பலமாக இருந்தது.

நெய்யாற்றின்கரையில் மனைவி இருப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாரும் பேசாமல் இருந்திருக்கலாம், அது வேறு. தெரிந்தும் பேசாமல் இருக்கும் ஒரு வீட்டில் வளர்ந்த மூன்று பெண்கள், ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஐம்பது வயது வரை வந்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட கதை! பெட்டியே தேவையில்லை.

இளையவ "2005க்கு அப்புறந்தான் நமக்குப் பங்கு வந்தது"ன்னு ஒரு நீளமான பேச்சு பேசுறா. கேக்க நல்லா இருந்துச்சு. சரிதானே?

வேறு வீட்டில் பேசியிருந்தால் சரி. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அப்பா வழிக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1989இல் மாநிலத் திருத்தம் வந்துவிட்டது, அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு. இந்த இரண்டுமே அப்பா வழிக் குடும்பங்களுக்காக வந்தவை.

இவர்களுடையது தாய்வழி வீடு. இந்த வீட்டில் பெண் பிறந்தவுடனேயே குடும்பத்தின் ஆள். உரிமை அவள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்கு இறங்கும். அதற்காக அந்தப் பெண்கள் ராஜ்யம் ஆண்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நெல் அளந்தது, பணம் எண்ணியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அண்ணன் தம்பிகள். உரிமை பெண் வழி, அதிகாரம் ஆண் கையில். இந்த இழுபறிக்குள்தான் இவர்களுடைய பாட்டியும் அம்மையும் வாழ்ந்தார்கள். இளையவளுக்கு அது தெரியாமல் இருக்கலாம், சென்னையில் வளர்ந்த மனசு. மூத்தவள் நாற்பது வருடம் அதே வீட்டுக்குப் போய்வந்தவள், அவள் திருத்தியிருக்க வேண்டாமா? அவளும் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசில அப்பாவும் ஒரு வாரிசா கையெழுத்துப் போடுறாரே, வக்கீல் நண்பர் ஒருத்தர் அது சரியில்லன்னு சொன்னார். ஏன்?

நல்ல நண்பர். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் பொது விதிப்படி ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகளோடு கணவனும் முதல் வரிசை வாரிசு. ஆனால் மருமக்கத்தாயச் சட்டங்களுக்கு, அதாவது மருமக்கவழிச் சட்டங்களுக்குக் கீழே வந்திருக்கக்கூடிய குடும்பங்களுக்கு அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு வரிசை சொல்கிறது. அங்கே பிள்ளைகளும் இறந்தவளின் அம்மையும் முதலில், கணவன் அதற்கடுத்த வரிசையில்தான். எந்தெந்தச் சட்டம் என்ற வரையறையில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தின் பெயரும் இருக்கிறது. மகள்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கும்போது அம்மையின் சொத்தில் அப்பாவுக்குப் பங்கு வராது.

அப்பா இறுதிக் காட்சியில் பெருந்தன்மையாக "என் பங்கை உங்களுக்கே விடுகிறேன்" என்கிறார், அதற்காக எல்லோரும் அழுகிறார்கள். அவரிடம் விடுவதற்குப் பங்கே இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், இது ஒரு நாவலைப் பற்றிய பேச்சு. உங்கள் வீட்டு விவகாரத்துக்கு ஆதாரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

நடுவுள்ளவ கேரளத்துல இருக்கா. அவளுக்கு கேரளச் சட்டமா?

வீடும் நிலமும் தோவாளையில் இருக்கிறது, அதனால் கேரளத்தின் 1975ஆம் வருடத்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் அதைத் தொடாது. அவள் குடியிருக்கும் ஊர் இதில் கணக்கில்லை.

நீங்க ஊர்க்காரங்க, அதனால குத்தம் பாக்குறீங்க. வெளியூர் வாசகர்களுக்கு இதெல்லாம் தெரியப்போறதில்லையே?

கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கு மருமக்கவழியும் தெரியாது, கொல்லம் ஆண்டும் தெரியாது. அவர் சொன்னது: "நூறு பக்கத்துக்கு மேல் மூன்று பெண்களில் யார் பேசுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை." இரண்டாம் கேள்விக்கு நான் எழுதிய பதிலும் அதேதான். தகவல் தப்பு ஊர்க்காரன் கண்ணில் படும், ஆட்கள் காணாமல் போனால் எல்லோர் கண்ணிலும் படும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த வீடு எப்படி ஓடியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால், அங்கே ஒரு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் என்னென்ன கிடந்தது என்று தானாகத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு சட்டமும் தேதியும் சரியா எழுதினா அது நாவலா இருக்குமா, சட்டப் புத்தகம் ஆகிடாதா?

ஒரு சட்டத்தின் பெயரையும் எழுத வேண்டியதில்லை. வெறும் ஒரு காட்சி போதும். பாட்டியும் அவளுடைய தங்கையும் நடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணன் வெளியூருக்குக் கிளம்புகிறார், கையில் ஒரு மூட்டை நெல்லும் முந்திரிக்கொத்துப் பலகாரமும். யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். தங்கை கேட்கலாம் என்று வாயெடுக்கிறாள், அக்கா கண்ணால் அடக்குகிறாள். அக்காவுக்கு ஆண் பிள்ளை இருக்கிறது, அண்ணனோடு நல்லபடியாக இருந்தால்தான் அவனுக்கு நல்லது. தங்கைக்கு இருப்பது இரண்டும் பெண். அந்த ஒரு பார்வையில் 1926ம் இருக்கிறது, உகந்துடைமையும் இருக்கிறது, அறுபது வருடம் கழித்துப் பேத்திகள் பாத்திரம் பிரிப்பதும் இருக்கிறது.

நூத்தம்பதாம் பக்கத்துல நிறுத்திட்டேன். மறுபடி எடுக்கணுமா?

வேண்டாம். பாத்திரம் பங்கு வைக்கும் அத்தியாயத்தை அதற்கு முன்பே தாண்டியிருப்பீர்கள். ஆசை இருந்தால் நேராக நடுவுள்ளவள் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டு வாசலில் நின்று மலையாளத்தில் பேசலாமா தமிழில் பேசலாமா என்று தடுமாறும் இடத்துக்குப் போங்கள், நான்கு பக்கம், நன்றாக இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூடிவிடலாம்.

முதல் நாவல் எழுதின ஒரு பொண்ணை இப்படிச் சொல்லலாமா?

அவர் எழுத வந்ததில் எனக்குச் சந்தோஷம். எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி எழுத வந்தது அதைவிடச் சந்தோஷம். பாத்திர அத்தியாயத்தைப் பற்றி நான் எழுதியதை அவர் வாசித்தால், நான் அவர் பக்கம் என்று அவருக்குத் தெரியும். பிடித்தது என்று பொய் சொல்லி அனுப்பினால் இரண்டாவது நாவலிலும் ஒரு பெட்டி வரும்.

என் அக்காவுக்குப் பிறந்தநாள் வருது. இதை வாங்கிக் கொடுக்கலாமா?

உங்கள் அம்மை உயிரோடு இருந்து, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் கொடுக்காதீர்கள், மருந்துச் சீட்டு வரும் பக்கங்களை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும். மற்றபடி கொடுக்கலாம். நான் சொன்ன இரண்டு இடங்களிலும் ஒரு அடையாளம் வைத்துக் கொடுங்கள், வாசித்த பிறகு அந்தக் கிண்ணத்தை யார் எடுத்திருப்பார்கள் என்று அவரிடம் கேளுங்கள், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.